புதியவர் கையில் முதலில் பைனாகுலரைக் கொடுங்கள்
மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்குப் பறவை பார்க்கப் புதிதாக ஒருவரை அழைத்துச் செல்லும்போது, உங்கள் பைனாகுலரை முதலில் அவரிடம் கொடுங்கள். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியைவிட 8 மடங்குக் கருவியில் கைநடுக்கம் குறைவாகத் தெரியும் என்பதால், பழகாதவருக்கு அதுவே நல்லது. இடக்கண்ணால் மட்டும் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகவும், பின்னர் வலக்கண்ணால் மட்டும் பார்த்து அந்தப் பக்கத்து வளையத்தைச் சரிசெய்யவும் பொறுமையாகக் காட்டுங்கள். எனக்கு மூத்தவர் ஒருவர் இதைக் கற்றுத்தந்த காலைப்பொழுதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். தொடக்கத்திற்கு, அசையாமல் நிற்கும் நத்தைகுத்தி நாரை போதும். பெயரை உடனே சொல்லிவிடாமல், அதன் அலகுகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியை அவரே கண்டு வியக்கும்வரை காத்திருங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிக்கும் கூட்டிச்செல்லலாம். ஆனால், அங்கே வல்லூறு கூடு வைத்திருக்கும் பாறையைக் கண்டால், அவ்விடத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம்.