நாயகனாக நீங்களே வரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகக் கதை எழுத வருகிறவர்களில் பலர் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது தவறே இல்லை. ஆனால் ஒரு காலத்தில் நாங்கள் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். உறவினர் பெயரை அப்படியே போடுவது போன்ற பிழைகள் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம்.

நாயகன் தப்பே செய்யாமல் இருப்பது

பிரதியைக் கையில் எடுத்ததும் இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தன்னையே நாயகனாக வைத்து எழுதும்போது கை தானாகவே அவனைக் காப்பாற்றப் பார்க்கும். அப்பா திட்டுவார், அண்ணன் ஏமாற்றுவான், காதலி விட்டுப் போவாள். இவன் ஜன்னலோரம் நின்று கலங்குவான்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலை வைத்து ஒரு கதை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பு சாய்கிறது. விழுந்த மரங்களை அண்ணன் விறகுக்கு விற்கிறான், அப்பா படுத்துவிடுகிறார், நாயகனான தம்பி அழுகிறான். பத்துப் பக்கமும் அழுகைதான். விறகுக் காசு எங்கே போனது என்று கேட்டால், எழுதியவர் தயங்கித் தயங்கிச் சொல்கிறார்: தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கு. பிரதியில் அந்த வரியைக் காணோம். உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு சிவப்புப் பேனா போதும். நாயகனின் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். பார்த்தான், நினைத்தான், உணர்ந்தான் ஒரு பக்கம். கேட்டான், மறைத்தான், விற்றான், பொய் சொன்னான் இன்னொரு பக்கம். பத்துப் பக்கத்தில் இரண்டாம் வகை ஐந்தாறுகூடத் தேறாவிட்டால் அவன் வெறும் பார்வையாளன். சரிசெய்ய, முதல் பக்கத்திலேயே கையால் தொடக்கூடிய ஒன்றின் மேல் அவனுக்கு ஆசை வையுங்கள்: காசு, வீட்டுப் பத்திரம், சைக்கிள், எதுவானாலும். அதற்காக, வெளியே சொல்லக் கூசும் ஒரு காரியத்தை அவன் செய்யட்டும். அதன் பாரத்தை வேறொருவர் சுமக்கட்டும். உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டியது அந்தக் கூச்சத்தைத்தான்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். அவர் படைத்த கங்காவோ வேலைக்குப் போகும் பிராமணக் குடும்பத்துப் பெண். 1966இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ கதையில், காரில் தனக்கு நேர்ந்ததைச் சொல்லி அழும் மகளின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, விஷயத்தை வீட்டுக்குள்ளேயே முடிக்கிறாள். அதே சம்பவத்தை வேறு மாதிரி வளர்த்து, கங்காவை நாயகியாக்கிய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் தாய் அலறுகிறாள், விஷயம் வெளியே போய்விடுகிறது, அண்ணன் தங்கையைத் துரத்துகிறான். தாயின் ஒரு செயல் மாறியதும் மகளின் வாழ்க்கையே வேறாகிவிட்டது. செயலை மாற்றிப் பார்ப்பதை இங்கே கற்கலாம்.

‘நிஜமாவே இப்படித்தாங்க நடந்துச்சு’

கதையில் ஒரு காட்சி நம்பும்படி இல்லை என்றால், வாசகருக்கு அது ஒரு காரணமே இல்லை.

அவனை அவளாக்கிவிட்டு, மற்றதை விட்டுவிடுவது

தன்னிடமிருந்து விலக ஒரே ஒரு அடிப்படை விவரத்தை மாற்றுவது நல்ல வழி. தம்பியைத் தங்கையாக்கலாம். ஆனால் விகுதியை மட்டும் மாற்றினால் போதாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டம் வந்தது. தோப்பில் பங்கு கேட்க அவளுக்கு வாய் வருமா? கேட்டால் யார் பேசாமல் போவார்கள்? இருட்டிய பிறகு தனியாகத் தோப்புக்குப் போவாளா? ஒவ்வொரு காட்சியையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும். சோம்பல் பட்டால் பழைய நாயகனே சேலை கட்டிக்கொண்டு நிற்பான்.

ஆறாத புண்ணை எழுதுவது

இப்போதைக்குக் குறிப்பு மட்டும் எடுங்கள்: தேதி, விலை, யார் என்ன சொன்னார்கள்.

‘அதான் எல்லாருக்கும் தெரியுமே’ என்று விடுவது

கூடவே வளர்ந்ததால் கண்ணில் படாமல் போகும் விவரங்கள்தான் நாயகனுக்கு உடம்பு தருகின்றன. முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்து உரியும். அந்த ஊரில் பிறந்தவர் ‘அம்மா முந்திரி உடைத்துப் படிக்க வைத்தாள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார். அங்கே நில்லுங்கள். அந்த விரல்கள் எண்ணிக் கொடுத்த பஸ் காசை வாங்கிக்கொண்டு உங்கள் நாயகன் அன்று எங்கே போனான் என்று எழுதுங்கள்.