ஜாங்கோ லேசி லோடிங்: அந்த 51 குவெரி எங்கிருந்து வருகிறது?

பைத்தானின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் மாடல், வ்யூ, டெம்ப்ளேட் எழுதத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு மூன்று மாடல்கள்: நூல், எழுத்தாளர், குறிச்சொல். நூலிலிருந்து எழுத்தாளருக்கு ஃபாரின் கீ (ஒரு நூலுக்கு ஒரு எழுத்தாளர்), குறிச்சொற்களுக்கு மெனி டு மெனி (ஒரு நூலுக்குப் பல குறிச்சொல், ஒரு குறிச்சொல்லுக்குப் பல நூல்).

பட்டியல் பக்கத்தில் 50 நூல்கள். டெம்ப்ளேட்டின் லூப்புக்குள் நூல்.எழுத்தாளர்.பெயர் என்று ஒரே ஒரு வரி. வ்யூவில் கண்ணுக்குத் தெரிவது டேட்டாபேஸுக்குப் போகும் ஒரு குவெரி, ஓடுவது 51: பட்டியலுக்கு ஒன்று, நூலுக்கு ஒன்றாக 50. நூலை எடுக்கும்போது ஜாங்கோ எழுத்தாளரின் ஐடியை மட்டுமே கொண்டுவரும். எழுத்தாளரைத் தொடும்போதுதான் தனிக் குவெரி போகும். இதுதான் லேசி லோடிங். அதே நூல் ஆப்ஜெக்டில் மறுபடி தொட்டால் கேஷிலிருந்து வந்துவிடும். ஆனால் அடுத்த நூலும் அதே எழுத்தாளருடையது என்றால்? அது வேறு ஆப்ஜெக்ட், திரும்பவும் டேட்டாபேஸுக்குத்தான் ஓடும்.

1. முதலில் எண்ணுங்கள். ஜாங்கோ டீபக் டூல்பார் போட்டு எஸ்க்யூஎல் பேனலைத் திறந்தால் போதும். எந்த வரி எந்தக் குவெரியை ஓட்டியது என்பதையும் காட்டும் என்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். ஷெல்லில் பார்க்க கனெக்‌ஷன்.குவெரீஸ் உண்டு, டீபக் ஆன் செய்திருந்தால்தான் அதில் ஏதாவது இருக்கும். நாலு நூலை மட்டும் வைத்துச் சோதித்தால் மந்தம் தெரியவே தெரியாது. 50 வரிசையாவது போடுங்கள்.

2. ஃபாரின் கீக்கு செலக்ட்_ரிலேட்டட். எழுத்தாளர் என்ற பெயரை அதற்குக் கொடுத்தால் ஜாயின் போட்டு ஒரே குவெரியில் முடித்துவிடும். பெயர் எதுவும் கொடுக்காமல் வெறுமனே அழைக்காதீர்கள்: தேவையில்லாத டேபிள்களையெல்லாம் இழுக்கும், நல் (காலி மதிப்பு) அனுமதித்த ஃபாரின் கீக்களை மட்டும் விட்டுவிடும்.

3. மெனி டு மெனிக்கு ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட். இங்கே ஜாயின் கிடையாது. குறிச்சொற்களை எடுக்க, எஸ்க்யூஎல்லின் ‘இன்’ (IN) போட்ட இரண்டாவது குவெரி ஒன்று ஓடும். எது எந்த நூலுக்கு என்று பைத்தான் பக்கம் சேர்க்கப்படும். ஆக மொத்தம் 2.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த இடத்தில். ப்ரீஃபெட்ச் போட்டாயிற்று என்ற தைரியத்தில், மாடல் மெத்தட் ஒன்றில் செயலில் உள்ள குறிச்சொற்கள் மட்டும் வேண்டும் என்று குறிச்சொற்கள்.ஃபில்டர் எழுதுவார்கள். குவெரி 52 ஆகிவிடும், அதாவது முன்பைவிட ஒன்று கூடுதல்! ப்ரீஃபெட்ச் சேமித்து வைப்பது .ஆல் அழைப்புக்கான விடையை மட்டும்தான். ஃபில்டரோ ஆர்டர்_பையோ சேர்த்தால் அது புதுக் குவெரிசெட். கேஷைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இரண்டு வழி உண்டு. குறிச்சொற்கள் ஐந்தாறுதான் என்றால் .ஆல் எடுத்து, பைத்தானில் இஃப் போட்டு வடிகட்டுங்கள். நிறைய என்றால் ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்டைப் பயன்படுத்துங்கள்: குவெரிசெட் ஆர்க்யுமென்ட்டில் ஃபில்டர் செய்ததைக் கொடுத்து, டு_அட்ரில் செயல்_குறிச்சொற்கள் என்று பெயர் வையுங்கள். அந்தப் பெயரில் கிடைப்பது சாதாரண லிஸ்ட், அதன்மேல் .ஆல் அழைத்தால் எரர் வரும். டு_அட்ர் இல்லாமலும் ஓடும், ஆனால் .ஆல் என்பது ‘எல்லாம்’ என்று சொல்லிக்கொண்டு பாதியைத் தரும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் குழம்பிப்போவார்.

4. டெஸ்ட்டில் பூட்டுங்கள். அசர்ட்நம்குவெரீஸ் உள்ளே பக்கத்தை அழையுங்கள். 2 நூலுக்கும் 10 நூலுக்கும் எண்ணிக்கை மாறக்கூடாது, அவ்வளவுதான். லாகின் செய்த க்ளையன்ட் என்றால் செஷனுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று என்று கூடலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஐடி மட்டும் போதுமென்றால் நூல்.எழுத்தாளர்_ஐடி என்று எழுதுங்கள். எழுத்தாளர்.ஐடி என்று புள்ளி வைத்தால் அதற்கும் ஒரு குவெரி. ஒன்லி போட்டு ஃபீல்டுகளைக் குறைத்தவர்களும் கவனிக்க: விட்டுப்போன ஃபீல்டைத் தொட்டால், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனியே குவெரி போகும்.

அட்மின் பக்கம் தவழ்கிறதா? ஆப்ஜெக்டை எழுத்தாகக் காட்டும் எஸ்டிஆர் (__str__) மெத்தடைப் பாருங்கள். அதில் நூல் பெயரோடு எழுத்தாளர் பெயரையும் சேர்த்திருந்தால், நூலைத் தேர்ந்தெடுக்கும் ட்ராப்டவுனில் எத்தனை ஆப்ஷனோ அத்தனை குவெரி. ஆட்டோகம்ப்ளீட்_ஃபீல்ட்ஸ் போடுங்கள்.

பின்சேர்க்கை: அசிங்க் வ்யூவில் எழுத்தாளரைத் தொட்டதும் சிங்க்ரனஸ்ஒன்லிஆபரேஷன் எரர் வந்தால், அதுவும் இதே லேசி லோடிங்தான். படி 2 போதும். குவெரிசெட்டில் இட்டரேட்டர் மெத்தட் பயன்படுத்துபவர்களுக்கு: ஜாங்கோ 4.1-க்கு முன் அது ப்ரீஃபெட்ச்சைச் சத்தமில்லாமல் புறக்கணித்துவிடும், 4.1 முதல் சங்க்_சைஸ் கொடுத்தால் வேலை செய்கிறது.