மழையிலும் புயலிலும் பழுதான வீட்டைச் சீரமைக்க ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது அந்நகரில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பகுதிகளுக்குள் புகுந்தது. இத்தகைய பேரிடருக்குப் பின் நம் தெருக்களில் பழுது நீக்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு பலர் வருவார்கள். அவர்களில் தகுதியானவர் யார் என்பதை அறிய விலையை ஒப்பிடுவது மட்டும் போதாது. பழுதுக்கான காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகே விலையைப் பேசுபவரைத்தான் நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே முதல் நாள் அவர் வீட்டைப் பார்க்கும் விதத்தைக் கவனியுங்கள். கூரையின் அடிப்பக்கத்தில் ஈரம் இருந்தால் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்க்கிறாரா, மழைநீர்க் குழாயின் வாய் அடைத்திருக்கிறதா என்று சோதிக்கிறாரா, தட்டோடுகளின் இணைப்புகளையும் கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் உற்று நோக்குகிறாரா, மேலே குளியலறை உண்டா என்று கேட்கிறாரா என்பவை முக்கியம். மழை பெய்யும்போது மட்டும் சொட்டுகிறதா, கோடையிலும் ஈரம் காய்வதில்லையா என்ற ஒரு கேள்வியிலேயே கசிவு தளத்திலிருந்து வருகிறதா, குழாயிலிருந்து வருகிறதா என்பது பெரும்பாலும் பிரிந்துவிடும். சுவரின் அடிப்பகுதி மட்டும் உப்புப் பூத்து உதிர்ந்தால் அது தரையிலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். அதற்கு மாடியில் ரசாயனம் பூசுவதால் எந்தப் பயனும் இல்லை. கூடத்தில் நின்றபடியே மேலே பார்த்து, வாட்டர்ப்ரூஃப் அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்பவருக்கு நன்றி கூறி அனுப்பிவிடலாம்.

கடலோர வீடுகளில் மிகுந்த கவனம் வேண்டிய பழுது, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் பெயர்ந்து விழுவதாகும். தேவனாம்பட்டினம் போன்ற கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றும், கட்டும்போது பயன்படுத்திய உப்புத் தண்ணீரும் கம்பியை அரிக்கின்றன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்து அழுத்தி மேற்காரையை உடைத்துத் தள்ளுகிறது. பெயர்ந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடித்துவிட்டால் துரு உள்ளே தொடர்ந்து வளரும். அடுத்த சில மழைக்காலங்களுக்குள் இன்னும் பெரிய துண்டு விழும். எனவே, கம்பியை என்ன செய்வீர்கள் என்று ஒப்பந்ததாரரிடம் நேராகக் கேளுங்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்து, டொக்கென்று வெற்றொலி கேட்கும் கான்கிரீட் முழுவதையும் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவை இரும்புப் பிரஷ்ஷாலோ இயந்திரத்தாலோ நீக்கி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, ஒட்டுப்பசை தடவி, பாலிமர் கலந்த காரையால் நிரப்பி, தண்ணீர் விட்டுப் பதப்படுத்துவேன் என்ற வரிசையில் அவர் விளக்கினால் அவருக்கு வேலை தெரியும். எவ்வளவு பரப்பில் கொத்த வேண்டியிருக்கும் என்பதைத் தட்டிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.

பழுது தூணிலோ உத்திரத்திலோ இருந்தால் ஒப்பந்ததாரரின் சொல்லை மட்டும் நம்பக் கூடாது. அவரிடம் ஊதியம் பெறாத ஒரு கட்டமைப்புப் பொறியாளரைத் தனியே அழைத்து, கான்கிரீட்டின் வலிமையை ரீபவுண்ட் சுத்தியல் சோதனையாலும் (மேற்பரப்பில் தட்டும்போது கருவி எவ்வளவு துள்ளுகிறது என்பதை வைத்து மதிப்பிடுவது) கம்பியின் நிலையை வேறு சோதனைகளாலும் அறிந்து, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அதற்கான கட்டணம், தேவையில்லாமல் இடித்துச் செலவழிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

புதுச்சேரியின் பழைய பகுதிகளில் சுண்ணாம்புக் காரையால் கட்டிய வீடுகள் பல உள்ளன. அத்தகைய சுவர்கள் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்புடையவை. அவற்றின்மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் ஏற்றினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் செங்கல் சேதமாகிறது. சுண்ணாம்பு வேலை செய்யத் தெரிந்த கொத்தனார் உங்களிடம் இருக்கிறாரா, அவர் செய்த வேலை எங்கே இருக்கிறது என்று கேட்பதே இவ்வகை வீடுகளுக்கு முதற்கேள்வி.

முன்பு செய்த வேலைகளைக் காட்டச் சொல்லும்போது, சென்ற மாதம் முடித்ததைப் பார்ப்பதால் பயனில்லை; எல்லாப் பூச்சும் அப்போது அழகாகவே இருக்கும். குறைந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழைகளைக் கண்ட வீட்டின் முகவரியைக் கேட்டு, அங்கே குடியிருப்பவரிடம் நேரில் பேசுங்கள். ஒப்பந்ததாரரின் ஜிஎஸ்டி எண்ணையும் வாங்கிக்கொள்ளலாம். அது எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக 15 இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டில் 33 என்றும் புதுச்சேரியில் 34 என்றும் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணை உள்ளிட்டால் நிறுவனத்தின் பெயர் தெரிந்துவிடும். ஆண்டு மொத்த வரவு (டர்ன்ஓவர்) 20 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் சிறிய மேஸ்திரிகள் பதிவு செய்யாமலும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து அவர்களைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் நிலையான முகவரி அவசியம்.

குறைந்தது மூவரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். மூவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்கிறார்களா என்பதைப் பாருங்கள். மொத்தமாக ஒரே தொகை எழுதித் தருவதை ஏற்காதீர்கள். எத்தனை சதுர அடி கொத்தப்படும், என்ன நிறுவனத்தின் எந்தப் பொருள், எத்தனை கோட்டிங், பொருள் யார் பொறுப்பு, இடிபாட்டை யார் அகற்றுவது, கொத்தும்போது எதிர்பாராத சேதம் தெரிந்தால் கூடுதல் சதுர அடிக்கு என்ன விலை என்பவை அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். கூடுதல் வேலைக்கான விலையை முன்பே முடிவு செய்யாததால்தான் பாதி வேலையில் சண்டை வருகிறது.

வெள்ளம் புகுந்த வீட்டில் மின்வேலையைக் கொத்தனாரிடமே சேர்த்து ஒப்படைக்காதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மெக்கர் கருவியால் கம்பிகளின் காப்பைச் சோதித்த பிறகே மின் இணைப்பைத் தர வேண்டும். கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சாதனமும் பொருத்தச் சொல்லுங்கள்.

வீட்டுக் காப்பீடு இருந்தால் எதையும் இடிக்கும் முன் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து, மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை சேதமான பொருட்களை வைத்திருங்கள். காப்பீட்டுப் பணத்தை நானே வாங்கித் தருகிறேன் என்று கூறி வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் ஒப்பந்ததாரருக்கு ஒருபோதும் இணங்காதீர்கள்.

முன்பணத்தைப் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டும் கொடுத்து, மீதியை வேலையின் கட்டங்களுக்கேற்ப வங்கி வழியாகச் செலுத்துங்கள். மொத்தத்தில் 10 விழுக்காட்டை, அடுத்த பலத்த மழையில் கசிவு இல்லை என்று உறுதியான பின்னரே தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது நல்லது. கோடையில் முடிந்த வேலைக்கு இது மிகவும் தேவை. தன் வேலையில் நம்பிக்கையுள்ளவர் இதற்கு ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்டு பின் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுக் கட்டணம் இல்லை. கையெழுத்திட்ட கொட்டேஷன், ரசீதுகள், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் அதுவரை பத்திரப்படுத்துங்கள்.