கலம்காரி: கடுக்காய்த் துணியில் முதல் கோடு

ஸ்ரீகாளஹஸ்தியிலும் தஞ்சைப் பகுதியின் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் அச்சுக்கட்டை இல்லாமல், எழுதுகோலால் மட்டுமே புராணக் காட்சிகளைத் துணியில் தீட்டும் கலம்காரி மரபு இன்றும் தொடர்கிறது. கோயில்களில் தொங்கவிடும் குழாய் வடிவத் துணியான தொம்பை அளவுக்குப் போகாமல், ஒரு மீட்டர் துணியில் பிள்ளையார் உருவம் ஒன்றைக் கருப்பு, சிவப்பு ஆகிய இரண்டே நிறங்களில் முடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மையைத் தொடங்கிவிடுங்கள். துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் மண்பானைத் தண்ணீரில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, இரண்டு மூன்று வாரங்கள் புளிக்கவிட்டு வடித்தால் கசிமி என்னும் மை கிடைக்கும்.

கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியே இதற்கு ஏற்றது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, காய்ச்சாத எருமைப்பாலுடன் கலந்து, அதில் துணியை நன்றாக நனைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரம் கூடாது. கடுக்காயின் துவர்ப்புதான் இரும்புடன் சேர்ந்து கருப்பாக மாறுகிறது. பாலின் கொழுப்புதான் மை இழைகளில் ஓடாமல் தடுக்கிறது. மடிப்போடு காயவிட்டால் துவர்ப்பு திட்டுத்திட்டாக ஏறும் என்பதால், துணியை விரித்தே உலர்த்துங்கள். காய்ந்த பின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்: வெளிறிய பழுப்பாக விழும் மை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருக்க வேண்டும். கோட்டின் இருபுறமும் மயிரிழைபோல் மை கசிந்தால், துணியை மீண்டும் பாலில் நனைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கூராகச் சீவிய மூங்கில் குச்சியின் முனைக்குச் சற்று மேலே கம்பளி நூலைத் தடிப்பாகச் சுற்றிக் கட்டினால் அதுவே கலம். நூல் குடித்த மையை விரலால் மெல்ல அழுத்தி முனைக்கு இறக்க வேண்டும். தூரிகை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வளைவுகளில் கலம் தரும் இறுக்கம் அதில் வருவதில்லை. உருவத்தைப் புளியங்குச்சிக் கரியால் முன்பே வரைந்துகொள்ளுங்கள்.

சிவப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் படிகாரக் கரைசலைத் தீட்டி, ஓரிரு நாள் காயவிட்டு, ஓடும் நீரில் அலச வேண்டும். காளஹஸ்திக் கலைஞர்கள் சுவர்ணமுகி ஆற்றில் அலசுவதற்குக் காரணம் உண்டு: வாளியின் தேங்கிய நீரில் கழன்ற படிகாரம் மற்ற இடங்களிலும் ஒட்டி, பின்னர் அங்கும் சிவப்பு ஏறிவிடும். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு அலசினால் போதும். பிறகு மஞ்சிட்டி வேர்ப்பொடி கலந்த நீரில் துணியைக் கிளறிக்கொண்டே வேகவைத்தால், படிகாரம் பட்ட இடங்களில் சிவப்பு நிலைக்கும்.

பின்சேர்க்கை: பால் வாடை பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள், அடுத்தடுத்த அலசல்களில் அது போய்விடும். கோடு சாம்பல் நிறமாகவே நிற்கிறது என்றவர்கள் மையை இன்னும் சில நாள் புளிக்கவிடுங்கள். கோட்டின் மேலேயே திரும்பத் திரும்ப மை ஏற்றாதீர்கள். மிகுதியான இரும்பு காலப்போக்கில் நூலை அரித்துவிடும். பழைய துணிகள் பலவற்றில் கருப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பது இதனால்தான்.