கிங்டம் தொடர்: ஆஷினிலிருந்து தொடங்காதீர்கள்

செத்தவர்கள் எழுந்து வரும் 'கிங்டம்' என்ற கொரியத் தொடரை நெட்ஃபிளிக்ஸில் தேடினால் இரண்டு தலைப்புகள் வந்து நிற்கும். ஒன்று தொடர்: சீசன் 1 (ஜனவரி 2019), சீசன் 2 (மார்ச் 2020), தலா 6 எபிசோடுகள். இன்னொன்று 'ஆஷின் ஆஃப் தி நார்த்', ஜூலை 2021இல் வந்த 92 நிமிடச் சிறப்புப் படம். கதைப்படி ஆஷின்தான் முந்தையது. அதனால் அதையே முதலில் பார்த்துவிடலாம் என்று தோன்றும். பலரும் சறுக்குவது இங்கேதான்.

12 எபிசோடுகளையும் இழுத்துப் போவது ஒரே கேள்வி: செத்தவர்களை எழுப்பும் அந்தச் செடி எங்கிருந்து வந்தது? மருத்துவப் பெண் சொபி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துருவிக் கண்டுபிடிக்கிறாள். விடை ஆஷினில் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிட்டால் சொபியின் தேடலில் நமக்குப் பதைப்பே இருக்காது. சீசன் 2இன் கடைசியில் திடீரென ஒரு முகம் தெரியும். வரிசையாகப் பார்த்து வந்தவருக்கு அது தூக்கிவாரிப்போடும். ஆஷினை முடித்துவிட்டு வந்தவருக்கோ ஏற்கெனவே பழகிய முகம்.

அடுத்த தவறு, முதல் எபிசோடை ஓட்டிவிட்டுப் பார்ப்பது. பிணங்கள் கூட்டமாக எழும்வரை வெறும் அரண்மனைப் பேச்சுதானே என்று தள்ளினால் கதையின் அச்சாணியே கழன்றுவிடும். இளவரசன் லீ சாங் ராணி வயிற்றில் பிறந்தவன் அல்ல. இப்போது ராணி கர்ப்பமாக இருக்கிறாள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டால் லீ சாங்கின் உரிமை போய்விடும். ராணியின் குடும்பம் அரசரை யார் கண்ணிலும் காட்டாமல் வைத்திருப்பது ஏன் என்பது இதைக் கவனித்தால்தான் புரியும்.

காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். இளவரசனை 'ஜொஹா' என்பார்கள், அரசரை 'ஜொன்ஹா' என்பார்கள். நடுவில் ஒரு 'ன்'தான் வித்தியாசம், ஆனால் இந்தக் கதையில் அந்த ஒரு எழுத்துக்காகத்தான் இத்தனை தலைகள் உருள்கின்றன. ஆங்கில டப்பிங்கில் இது காதில் விழவே விழாது. கொரிய ஒலியை வைத்துக்கொண்டு சப்டைட்டில் போட்டுப் பாருங்கள்.

கொரிய வரலாற்றைப் படித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. 1592 முதல் 1598 வரை ஜப்பான் படையெடுத்து ஜொசொன் நாட்டை (அன்றைய கொரியா) சின்னாபின்னமாக்கியது, கதை அதன் பிறகு பஞ்சத்தில் நடக்கிறது என்பது தெரிந்தால் போதும். அரசரும் இளவரசரும் கற்பனைப் பாத்திரங்களே.

சீசன் 1 முடிந்ததும் இடைவெளி விடாதீர்கள். 6ஆம் எபிசோடு கதையை அந்தரத்தில் விட்டுவிட்டு நிற்கும். 2019இல் பார்த்தவர்கள் அடுத்ததற்கு ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நேரம் இருந்தால் அன்றே சீசன் 2இன் முதல் எபிசோடையும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் யார் எந்தப் பக்கம் என்பது குழம்பும்.

சீசன் 2இன் கடைசி எபிசோடில் பெரிய மோதல் ஓய்ந்ததும் முடிந்தது என்று அணைத்துவிடாதீர்கள். கதை அங்கிருந்து ஏழு ஆண்டுகள் தாவி வடக்கே போகிறது. அதையும் பார்த்து முடித்த கையோடு, வடக்கு எல்லையின் பனிக்காடு இன்னும் கண்ணில் நிற்கும்போதே ஆஷினைப் போடுங்கள்.