சமையலறைச் சிம்னி: பொருத்தும்போதும் பயன்படுத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

சிம்னி வாங்கக் கடைக்குச் செல்லும் முன், அடுப்படியில் ஒரு நிமிடம் நின்று இரண்டு வழிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து எழும் புகை எந்த வழியாக வெளியே போகும் என்பது ஒன்று. அப்படி வெளியேறும் காற்றுக்கு ஈடான காற்று எந்த வழியாக உள்ளே வரும் என்பது மற்றொன்று. இவை இரண்டும் சரியாக அமைந்தால் நடுத்தர விலைச் சிம்னியே நன்றாக உழைக்கும். அமையாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் மிளகாய் வற்றல் தாளித்த நெடி கூடம் வரை வரத்தான் செய்யும்.

அளவைப் பொறுத்தவரை, இரண்டு பர்னர் அடுப்புக்கு 60 செ.மீ. அகலமும், மூன்று அல்லது நான்கு பர்னர் அடுப்புக்கு 90 செ.மீ. அகலமும் பொருந்தும். அட்டைப்பெட்டியில் காற்றை உறிஞ்சும் திறன் மணிக்கு 1,200 கன மீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும், நீளமான, வளைவுகள் மிகுந்த குழாயை இணைத்த பிறகு அந்த அளவு கிடைக்காது. ஆகவே அந்த எண்ணைவிடக் குழாய்க்கே கூடுதல் கவனம் கொடுக்க வேண்டும்.

பெரும்பாலான சிம்னிகளின் வெளியேற்று வாய் 6 அங்குல விட்டம் கொண்டது. எங்கள் வீட்டுச் சுவரில் முன்பே இருந்த 4 அங்குலத் துளையை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொருத்த வந்தவர் சொன்னபோது நானும் சரி என்றேன். விட்டம் 6 அங்குலத்திலிருந்து 4 அங்குலமாகக் குறைந்தால் காற்று செல்லும் பரப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. இயந்திரம் இரைந்ததே தவிரப் புகை சரியாக வெளியேறவில்லை. சில வாரங்களில் குழாய்க்குள் படிந்த எண்ணெய், பழுப்பு நிறச் சொட்டுகளாகச் சிம்னியின் கண்ணாடி விளிம்பில் இறங்கத் தொடங்கியது. கடைசியில் சுவரை மறுபடி துளைக்க வேண்டியதாயிற்று. எனவே குழாயின் விட்டத்தை எந்த இடத்திலும் குறைக்க விடாதீர்கள். குழாய் முடிந்தவரை குட்டையாக, ஒன்றிரண்டு வளைவுகளுக்கு மேல் இல்லாமல், வெளிப்பக்கம் சற்றே சரிந்து செல்ல வேண்டும். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயைப் பயன்படுத்தினால் அதை நன்றாக இழுத்து நீட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். மடிப்புகளில் எண்ணெய் தேங்கும், தேங்கிய எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது. வெளிவாயில் மழைநீரும் புறாக்களும் நுழையாதபடி மூடி இருக்க வேண்டும். ஆனால் கொசுவலை போன்ற நுண்ணிய வலை கூடாது, அது விரைவில் பிசுக்கால் அடைபட்டுவிடும்.

அடுக்குமாடி வீடுகளில் சிலர் சிம்னிக் குழாயை, கேஸ் கீசரின் புகை வெளியேறும் குழாயோடு சேர்த்துவிடுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்தானது. எரிவாயு முழுமையாக எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது திரும்பி வீட்டுக்குள் வந்தால் எவருக்கும் தெரியாது. குழாய்கள் தனித்தனியாக இருந்தாலும்கூட, எல்லாச் சன்னல்களையும் அடைத்துவிட்டுச் சிம்னியை வேகமாக ஓட்டினால், வெளியேறிய காற்றுக்கு ஈடாகக் கீசரின் குழாய் வழியாகவே நச்சுவாயு உள்ளே இழுக்கப்படலாம். ஆகவே சிம்னி ஓடும்போது அடுப்புக்குச் சற்றுத் தள்ளியுள்ள ஒரு சன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். அடுப்பை ஒட்டிய சன்னலைத் திறந்தால் குறுக்குக் காற்று புகையைச் சிதறடிக்கும், சுடரையும் அலைக்கழிக்கும். எக்ஸாஸ்ட் மின்விசிறியையும் சிம்னியையும் சேர்த்து ஓட்டுவதால் பயனில்லை. ஒன்று இழுக்கும் புகையை மற்றொன்று திசைதிருப்பும்.

அடுப்பின் மேற்பரப்புக்கும் சிம்னியின் அடிப்பகுதிக்கும் இடையே பொதுவாக 65 முதல் 75 செ.மீ. இடைவெளி விடுகிறார்கள், உங்கள் சிம்னியின் கையேடு வேறு அளவைக் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். சமைப்பவர் உயரமானவர் என்றால் அவரை அடுப்பின் முன் நிற்கவைத்துப் பார்த்த பிறகே சுவரில் குறியிடுவது நல்லது. சுவிட்ச் பலகைக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் மின்கம்பி ஓடும் என்பதால் அங்கே துளையிடக் கூடாது. செங்கல் சுவருக்கான ஆணிப்பிடிப்பு, உள்ளீடற்ற கட்டைகளால் கட்டிய சுவரில் சிம்னியின் எடையைத் தாங்காது. அதற்கு உரியதைக் கேட்டு வாங்க வேண்டும். மின் இணைப்புக்கு எர்த் உள்ள மூன்று முனைப் பிளக் பாயிண்ட் தேவை. அது அடுப்பின் ஆவி படாத இடத்தில், கை எட்டும்படி இருக்கட்டும். நீட்டிப்புக் கம்பியில் இணைக்க வேண்டாம்.

அடுப்பைப் பற்றவைப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பே சிம்னியை இயக்கி, சமைத்து முடித்த பிறகு 10 நிமிடம் ஓடவிடுங்கள். பாத்திரம் இல்லாமல் பர்னரை எரியவிடக் கூடாது; சுடரின் நேரடி வெப்பம் மேலே பிசுக்கேறிய வடிகட்டியைத் தாக்கும். புகை சரியாக இழுக்கப்படுகிறதா என்று அறிய, ஊதுபத்தியொன்றைக் கொளுத்தி, சிம்னியின் முன்விளிம்புக்கு ஒரு சாண் கீழே பிடித்துப் பாருங்கள். புகைக்கோடு உட்புறம் வளைந்து செல்ல வேண்டும். நேராக மேலெழுந்து விளிம்பைத் தாண்டிப் போனால் வடிகட்டியோ குழாயோ அடைபட்டிருக்கலாம், அல்லது உள்ளே வரக் காற்று போதவில்லை.

கேஸ் கசிந்த வாடை வந்தால், அதை வெளியேற்றலாம் என்று எண்ணிச் சிம்னியை இயக்கிவிடாதீர்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது; தரையோரம் தேங்குவதால் மேலேயிருக்கும் சிம்னிக்கு அது எளிதில் எட்டாது. அதற்குள் சுவிட்சில் எழும் சிறு பொறி போதும், வாயு பற்றிக்கொள்ளும். எந்தச் சுவிட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால், கை சுடாமல் எட்ட முடியுமானால் அடுப்பை அணைத்து, தட்டால் வாணலியை மூடுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. சிம்னி ஓடிக்கொண்டிருந்தால் சுடரை மேலே இழுக்கும் என்பதால் அதையும் நிறுத்த வேண்டும். சுவிட்ச் தீக்கு அருகில் இருந்தால் மின்பெட்டியில் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிடுங்கள். தீ வாணலியைத் தாண்டிவிட்டால் எல்லாரும் வெளியேறி 101ஐ அழைப்பதே வழி.

துப்புரவு செய்யும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வலை வடிகட்டியை வாரம் ஒருமுறையும், தகடு வடிகட்டியை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையும் வெந்நீரிலும் பாத்திரம் துலக்கும் திரவத்திலும் ஊறவைத்துக் கழுவலாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துவிடும். தானே துப்புரவு செய்துகொள்ளும் வகையாக இருந்தாலும் அதன் எண்ணெய்க் கிண்ணத்தை நாம்தான் காலி செய்ய வேண்டும். கழுவிய வடிகட்டி முழுவதும் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை குழாயைக் கழற்றி, வெளிக்காற்று திரும்பி வராமல் தடுக்க உள்ளிருக்கும் மடல் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளாமல் விரலால் தள்ளினால் தானாகத் திரும்பி மூடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.