கண்மாயைத் தோண்டுமுன் வரத்துக்காலை நடந்து பாருங்கள்

"கண்மாயில தண்ணி நிக்கல, ஜேசிபி விட்டுத் தோண்டணும்ணே" என்று யாராவது வந்தால், ஆற்றிலிருந்து கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைக் கடைசியாக யார் நடந்து பார்த்தது என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. எங்கள் ஊர்க் கதையும் அதுதான். மானாமதுரைப் பக்கம், வைகையிலிருந்து 4 கிலோமீட்டர் வாய்க்காலில் நீர் வரும் கண்மாய். என் தாத்தா அதற்கு நீர்ப்பாய்ச்சி, வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடுபவர். நான் சர்வே வேலையில் இருந்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியபோது கண்மாயின் உள்வாயை, அதாவது நீர் நிற்கும் உட்பரப்பை, இரண்டு முறை தோண்டி முடித்திருந்தார்கள். ஆழம் இருந்தது, நீர்தான் இல்லை.

முதல் வேலை காகிதம். கிராம வரைபடம், புலப்படம், நில விவரங்கள் உள்ள 'அ' பதிவேடு மூன்றையும் வாங்குங்கள். வாய்க்கால் புறம்போக்கு எந்தப் புல எண்ணில் எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் கண்மாய் நீர்வளத்துறையிடம், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். அனுமதி இல்லாமல் மண்வெட்டியைக்கூட எடுக்காதீர்கள்.

அப்புறம் நடை. வாய்க்கால் கண்மாயில் சேரும் வாயில் தொடங்கி, ஆற்றில் அது பிரியும் தலைப்புவரை, ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் நடக்க வேண்டும். கோடையில் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மழைக்குப் பிறகு போனால் எங்கே குட்டையாக நிற்கிறது, எங்கே வரப்பை அறுத்துப் பக்கத்து வயலுக்குப் போகிறது என்று தண்ணீரே காட்டிக்கொடுக்கும்.

இனி மட்டம். இதில்தான் ஊர்கள் தோற்கின்றன, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் வீட்டுக்குச் சரி. 4 கிலோமீட்டருக்கு அதை 200 தடவை மாற்றி வைத்தால் தடவைக்கு 2 மில்லிமீட்டர் பிழைகூட ஒரே பக்கம் சேர்ந்து 40 சென்டிமீட்டர் ஆகிவிடும். சர்வேக்காரர்கள் மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை வாடகைக்கு எடுங்கள். தலைப்பு மதகின் அடி, ஒவ்வொரு பாலத்தின் தளம், கண்மாய் வாய், மிகை நீர் வழியும் கலுங்கின் நெற்றி எல்லாவற்றையும் எடுத்துக் கலுங்கு மட்டத்தோடு ஒப்பிட்டு எழுதுங்கள். இடையில் 50 மீட்டருக்கு ஒரு முளை.

எங்கள் வாய்க்காலுக்கு மொத்தச் சரிவு 1.6 மீட்டர், அதாவது கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர். மண் வாய்க்காலுக்கு இது போதும். இன்னும் சரிவாக இருந்தால் அடி அரிக்கும், தட்டையாக இருந்தால் வண்டல் படியும். அளந்தபோதுதான் கோளாறு தெரிந்தது. சாலை போட்ட ஒரு ஒப்பந்தக்காரர் பதித்த குழாய்ப் பாலத்தின் அடி, வாய்க்கால் அடியைவிட 35 சென்டிமீட்டர் உயரம். கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் இறங்கும் வாய்க்காலில் 35 சென்டிமீட்டர் தடை என்றால், மேலே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீர் தேங்கும். வண்டலெல்லாம் அங்கேயே விழும். போதாக்குறைக்குக் குழாயின் விட்டம் 60 சென்டிமீட்டர், ஒன்றே ஒன்று. வாய்க்காலில் நீர் ஓடும் பரப்பில் கால்பங்குகூட அதற்குள் நுழையாது. இத்தனை வருடம் கண்மாயின் வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தோம், அடைப்பு தொண்டையில். குழாயை எடுத்துவிட்டு வாய்க்கால் அகலத்துக்குப் பெட்டி வடிவக் கான்கிரீட் பாலம், தளம் வாய்க்கால் அடியோடு சமமாக. அதை வாங்க ஒரு வருடம் நடந்தேன்.

வெட்டும்போது கண்மாய்ப் பக்கமிருந்து மேலே போங்கள். பாதி வேலையில் மழை வந்தாலும் வெட்டிய பகுதியில் விழுந்த நீர் வடிந்து கண்மாய்க்குப் போகும். ஜேசிபி ஓட்டுநர் தம்பிகள் அள்ளுகிற ஆசையில் குழி போட்டுவிடுவார்கள். முதல் நீரை அந்தக் குழிகளே குடித்துவிடும். ஒரே உயரத்தில் மூன்று டி வடிவக் கம்புகள் செய்யுங்கள். சரிபார்த்த இரண்டு இடங்களில் இரண்டை நிறுத்தி, நடுவில் மூன்றாவதை வைத்து, மூன்றின் தலையும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் அடி சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். கரிசல் மண் என்றால் பக்கங்களை நன்றாகச் சாய்த்து வெட்டுங்கள். செங்குத்தாக விட்டால் முதல் மழையிலேயே பாளம் பாளமாகச் சரியும். அள்ளிய மண்ணை விளிம்பில் கொட்டினால் திரும்ப உள்ளேதான் வரும்.

சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள், வெட்டினால் துளிர்க்கும். ஆனால் உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீர்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் காஞ்சிரங்குளம், சித்திரங்குடி என்ற இரண்டும் நம் கண்மாய்களைப்போல்தான்; 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே நாரைகள் கூடு கட்டுவது கருவேல மரங்களில். மரத்தின் காலில் நீர் நின்றால்தான் பறவைக்குத் தைரியம். நீர்வரத்தைச் சரிசெய்துவிட்டு மரத்தை வெட்டினால் யாருக்காகச் செய்தோம்?

கண்மாய் வாய்க்கு முன்னால் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு வண்டல் குழி. நீர் அங்கே வேகம் குறைந்து மண்ணை இறக்கிவிட்டு உள்ளே போகும். ஊர்ச் சாக்கடை வாய்க்காலில் கலந்தால் அதற்குத் தனி வழி வேண்டும்.

தோண்டியே ஆக வேண்டுமென்றால் கரையை விட்டு நன்றாகத் தள்ளித் தோண்டுங்கள். கரை அடியில் பள்ளம் விழுந்தால் கரை போய்விடும். வயலுக்கு நீர் திறக்கும் மடைக்குக் கீழே இறங்கும் ஆழம் வயலுக்கு உதவாது. மீனுக்கும் மாட்டுக்கும் ஒரு மடு இருக்கட்டும், போதும்.

அதே வாய்க்காலில் எங்களுக்கு மேலே பிரித்து நீர் எடுக்கும் மேல்கண்மாய்க்காரர்களிடம் முதலிலேயே பேசியிருக்க வேண்டும், நான் கடைசியில்தான் போனேன். பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்காரவைத்து, "தம்பி, ஒங்க வாய்க்கால ஆழமாக்குனா எங்க பிரிவுக்குத் தண்ணி ஏறாதுல்ல?" என்றார். அவர் சொன்னது சரி. பிரிவில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் கல் தளம் போட்டோம். அகலத்தை ஆயக்கட்டுக் கணக்கில் பிரித்தோம். அதற்குப் பிறகு அந்த ஊர் ஆட்களே மண்வெட்டியோடு வந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை 6 மணிக்குத் தலைப்பில் நீர் விட்டார்கள். நுரையும் சருகுமாக வந்த முனையோடு நானும் நடந்தேன். காய்ந்த மண் குடித்துக்குடித்து மெதுவாகத்தான் விடும். பெட்டிப் பாலத்தை நிற்காமல் கடந்தது. ராத்திரி 8 மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் வண்டல் குழிக்குள் இறங்கியது. சித்திரையில் அளந்தபோது குழியில் முழங்கால் அளவு வண்டல். அதை அள்ளி என் தென்னைக்குப் போட்டேன்.